தோட்டத்தில் குதிரைக்குக் காயடிப்பு: கெட்டமைனா, தையோபென்டோனா, ப்ரோபோஃபாலா?

புதுக்குளம்பு எழுதியது:

வணக்கம்ங்க. ஈரோட்டுப் பக்கம் தனியா பிராக்டிஸ் பண்றேன். மாடு, ஆடு, நாய்தான் அன்றாடம், குதிரை எப்பவாவது. இங்க ஒருத்தர் அந்தியூர் ஆடிச் சந்தையில கத்தியவாரி ஆண்குதிரை வாங்கி வெச்சிருக்காரு. நாலு வயசு, நல்ல திடம், கிட்டப் போனா கடிக்க வருது. பக்கத்துத் தோட்டத்துல பெண்குதிரை வேற நிக்குது. காயடிச்சுக் குடுங்கன்னு கேட்கறாரு. தோட்டத்துலயே, புல்தரையில செய்யணும். கேஸ் மெஷின் கிடையாது. ஊசியிலதான் படுக்க வைக்கணும்.

எடை மேடையும் இல்லீங்க. டேப் வெச்சு அளந்தேன்: மார்புச் சுற்றளவு 160 செ.மீ., தோள்முனையில இருந்து புட்டமுனை வரைக்கும் 155 செ.மீ. சுற்றளவின் வர்க்கத்தை நீளத்தால பெருக்கி 11,880-ஆல வகுத்தா 334 கிலோ. 340-ன்னு வெச்சுக்கறேன்.

கூடப் படிச்சவன் முதல்ல சைலசின் (அமைதிப்படுத்தற மருந்து), பிறகு கெட்டமைன் (மயக்க மருந்து), இந்த ஜோடி போதும்ங்கறான். எங்க ஊர் சீனியர் ஒருத்தர் தையோபென்டோன்தான் நம்பகம்ங்கறாரு. நாய் பார்க்கற நண்பர் ப்ரோபோஃபால்ல எழுந்திரிக்கறது அழகா இருக்கும்னு சொல்றாரு. அளவெல்லாம் புத்தகத்துலயே இருக்குங்க. எதை ஏன் எடுக்கணும்னுதான் புரியல. கையில பழக்கம் உள்ளவங்க சொல்லுங்க.

நெறியாளர் எழுதியது:

இழையில் வரும் அளவுகள் பதிவு பெற்ற கால்நடை மருத்துவர்களுக்கு மட்டும். குதிரை வைத்திருப்பவர்கள் படிக்கலாம், கேள்வி கேட்கலாம். ஊசி எடுக்க வேண்டாம்.

மலைச்சாரல் எழுதியது:

தென்காசிக்காரி, இப்போ இங்கிலாந்துல ஒரு குதிரை ஆஸ்பத்திரியில மயக்க மருந்துப் பிரிவுல இருக்கேன். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

நாய்க்கு மயக்க மருந்து தேர்ந்தெடுக்கும்போது எப்படித் தூங்குது, எவ்வளவு ஆழம் போகுதுன்னு பார்க்குறோம். குதிரையில அது பாதி வேலைதான். மீதிப் பாதி, மயக்கம் தெளியும்போது 340 கிலோ உடம்பு நாலு மெல்லிசான காலை ஊன்றி எழுந்திரிக்கிறது. பயந்து ஓடுற பிராணி அது. அரை மயக்கத்துல கண்ணு தெரிஞ்சாலே எழ முயற்சி பண்ணும், கால் ஒத்துழைக்காது, விழும், மறுபடி எழும். அப்போதான் கால் உடையும். அதனால எந்த மருந்தா இருந்தாலும் நான் முதல்ல கேக்குறது: இதைப் போட்ட குதிரை எத்தனை தடவையில எழுந்து நிக்கும்?

அந்தக் கேள்விக்குச் சைலசின்-கெட்டமைன் மாதிரி நல்ல பதில் சொல்ற ஜோடி வெளித் தோட்டத்துக்கு இன்னும் வரல. 1977-ல முயரும் கூட்டாளிகளும் குதிரையில இதைச் சோதிச்சு எழுதினாங்க. அதுக்கப்புறம் எத்தனையோ மருந்து வந்தாச்சு, இது இன்னும் நிக்குது. சைலசின் 1.1 மி.கி./கிலோ, பிறகு கெட்டமைன் 2.2 மி.கி./கிலோ, ரெண்டும் சிரையில. உங்க குதிரைக்குச் சைலசின் 374 மி.கி., கெட்டமைன் 748 மி.கி. ஒரு மில்லியில 100 மி.கி. இருக்குற சைலசின் கிடைச்சா 4 மில்லிக்கும் கீழே. 20 மி.கி. பாட்டில்தான் இருக்குன்னா 19 மில்லி வரும், கணக்கை ரெண்டு தடவை பாருங்க. பலம் மாறிப் போறதுதான் இதுல பெரிய ஆபத்து.

இப்போ முக்கியமான விஷயம். ரெண்டு ஊசிக்கும் நடுவுல இருக்குற அந்த மூணு, நாலு, அஞ்சு நிமிஷம். சைலசின் போட்டதும் தலை தாழ ஆரம்பிக்கும். மூக்கு முன்னங்கால் முட்டி மட்டத்துக்கு வரணும். கீழுதடு தளர்ந்து தொங்கணும். காலை அகட்டி, ஒரு பக்கமா ஆடிக்கிட்டு நிக்கணும். பக்கத்துல கை தட்டினா காது மட்டும் அசையலாம், தலை தூக்கக் கூடாது. இந்த நிலை வராம கெட்டமைன் போடவே போடாதீங்க. கெட்டமைன் தனியா குதிரைக்கு மயக்கம் தராது. விறைப்பு, துடிப்பு, வலிப்பு, கட்டுக்கடங்காத ஓட்டம், அதுதான் மிஞ்சும். தலை தாழலையா, சைலசின் முதல் அளவுல பாதி மறுபடி போட்டுக் காத்திருங்க. அப்பவும் தாழலைன்னா பெட்டியை மூடிட்டு வேற நாள் வாங்க. முன்கூட்டியே மிரண்டு, அட்ரினலின் ஏறி நிக்கிற குதிரைக்கு எந்த அளவும் வேலை செய்யாது. "கெட்டமைன் சரியில்ல"ன்னு சொல்றவங்க கதையைக் கேட்டுப் பாருங்க, பெரும்பாலும் சைலசின் முழுசா ஏறுறதுக்கு முந்தி அவசரப்பட்டிருப்பாங்க.

டையசெபாம் 0.05 மி.கி./கிலோ, அதாவது 17 மி.கி., கெட்டமைனோட சேர்த்தா தசை நல்லா தளரும். அதுக்கு மேல ஏத்தினா எழும்போது பின்னங்கால் தள்ளாடும்.

கெட்டமைன் போட்டு ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல படுக்கும். கையில கிடைக்கிற வேலை நேரம் 15 நிமிஷம்னு வெச்சுக்கோங்க. அரை மணி, முக்கால் மணிக்குள்ள நின்னுடும், அநேகமா முதல் முயற்சியிலயோ ரெண்டாவதுலயோ.

வேப்பேரி_பழையவர் எழுதியது:

அம்மா நன்றாக எழுதியிருக்கிறார். ஆனால் தையோபென்டோனை ஒரு வரி கூடச் சொல்லாமல் தாண்டிவிட்டார். அந்தச் சீனியர் சார்பாக நான் பேசுகிறேன்.

நான் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்த காலத்தில் எங்களுக்குப் பாடம் எடுத்த பெரியவர்கள் குளோரல் ஹைட்ரேட் என்ற பழைய மயக்க மருந்தைக் கையாண்டவர்கள். சிரைக்கு வெளியே கசிந்தால் கழுத்துத் தோல் உரிந்து விழும். ஆழம் சரியாக வந்தபின் நிறுத்தினாலும் இன்னும் ஆழமாகப் போய்க்கொண்டே இருக்கும். அதற்கு அடுத்து ஒரு கெட்ட காலமும் இருந்தது: சக்சினைல்கோலின் போட்டுக் குதிரையை முடக்கி, வலி முழுவதும் தெரிய, அசைய முடியாத பிராணியைக் காயடித்தார்கள். பல நாடுகளில் நடந்தது. அதை மயக்கம் என்று யாரும் சொல்லக் கூடாது.

அந்தப் பின்னணியில் தையோபென்டோன் எவ்வளவு பெரிய வரம் என்பது இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. ஊசி முடிந்த அரை நிமிடத்தில் குதிரை தரையில். நடுவில் நின்று முழிக்காது. கெட்டமைனுக்கு அந்த உறுதி கிடையாது. கண் திறந்திருக்கும், இமை ஆடும், கண்ணீர் வடியும், உள்ளே எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று தொடக்கக்காரனுக்குப் பிடிபடாது. கத்தி வைக்கும் நேரம் பார்த்துத் தலையைத் தூக்கும். பின்னங்காலுக்கு இடையில் உட்கார்ந்திருப்பவன் நிலைமை என்ன?

இன்னொன்று, கெட்டமைன் இந்தியாவில் ஷெட்யூல் எக்ஸ், அதாவது கடும் கட்டுப்பாட்டு மருந்துப் பட்டியலில் உள்ளது. வாங்க, வைக்க, பதிவேடு எழுத ஆயிரம் தொல்லை. தையோபென்டோன் தூள் குப்பி மலிவு.

ஊசிக்குழல் எழுதியது:

நாய் பூனை டாக்டர் நான். ப்ரோபோஃபால் சொன்ன அந்த நண்பர் நானாகவே இருக்கலாம், ஹாஹா. புதுக்குளம்பு, போன்ல சொன்னதை இங்கயும் சொல்றேன். உடம்புல தேங்காது, ஈரல் வேகமா உடைச்சுடும், தெளியறது சுத்தமா இருக்கும். மனுஷ ஆஸ்பத்திரியே அதுலதான் ஓடுது. குதிரைக்கு மட்டும் ஏன் 1977-லயே நிக்கணும்?

மலைச்சாரல் எழுதியது:

ஊசிக்குழல் சார், சின்னக் கணக்கு. சைலசினுக்குப் பிறகு ப்ரோபோஃபால் 2 மி.கி./கிலோ. 340 கிலோவுக்கு 680 மி.கி. ஒரு சதவீதக் கரைசல்ல அது 68 மில்லி. அந்தப் பால் வெள்ளையை ஆளில்லாத தோட்டத்துல, நின்னுக்கிட்டிருக்குற குதிரைக்கு எவ்வளவு வேகத்துல ஏத்துவீங்க? மெதுவா ஏறினா பாதி மயக்கத்துல காலை உதைக்கும், படுத்த பிறகும் ஓடுற மாதிரி நாலு காலும் துடுப்புப் போடும். இது எப்பவாவது வர்ற தொல்லை இல்லை, குதிரையைப் படுக்க வைக்க ப்ரோபோஃபாலைத் தனியா போட்டவங்க திரும்பத் திரும்ப எழுதியிருக்காங்க. அதோட மூச்சை அமுக்கும். வலி மரத்துப் போகவும் உதவாது. எழுந்திரிக்கிறது அழகு, ஒத்துக்கறேன். அதனாலதான் ஆஸ்பத்திரியில கெட்டமைனோட கொஞ்சமா சேர்த்துச் சொட்டு மருந்தா ஓட்டுறவங்க உண்டு, ஆக்சிஜன் பக்கத்துல இருக்கும்போது. புல்தரையில வேண்டாம்.

அல்ஃபாக்சலோனும் இதே வரிசை. ஒரு கிலோவுக்கு 1 மி.கி., 34 மில்லி. நல்ல மருந்து, ஆனா குதிரை அளவுக்கு வாங்கினா சொந்தக்காரர் மயங்கிடுவாரு.

பெரியவருக்குப் பதில் சாயங்காலம் எழுதுறேன், ஒரு கோலிக் (வயிற்று வலி) கேஸ் வந்திருக்கு.

லாயத்துக்காரர் எழுதியது:

நான் டாக்டர் இல்லைங்க, பொள்ளாச்சிப் பக்கம் ரெண்டு மார்வாரிக் குதிரை வெச்சிருக்கேன். இதையெல்லாம் படிச்சா வயித்தைக் கலக்குது. நேராக் கேட்கறேன். மயக்க ஊசி போட்ட குதிரை எழுந்திரிக்காமயே போயிடறது எவ்வளவு சகஜம்? நின்ன நிலையிலயே மரத்துப் போக ஊசி போட்டு முடிக்க முடியாதுங்களா?

மலைச்சாரல் எழுதியது:

கோலிக் குதிரை மேஜையில இருந்து இறங்கி எழுந்து நின்னுடுச்சு. இப்போ ஒவ்வொண்ணா.

லாயத்துக்காரர் ஐயா கேட்டது நியாயமான கேள்வி. இதை எண்ணிப் பார்த்த பெரிய ஆய்வு ஜான்ஸ்டனும் கூட்டாளிகளும் 2002-ல வெளியிட்டது. 41,824 குதிரைகள். மயக்கத்துக்குப் பிறகு ஏழு நாளைக்குள்ள இறந்தது மொத்தத்துல 1.9 சதவீதம். கோலிக்கை விட்டுட்டுப் பார்த்தா 0.9 சதவீதம், நூத்துல ஒண்ணு. இங்கிலாந்து நாய்கள்ல அதே மாதிரி எண்ணினப்போ 0.17 சதவீதம்தான் வந்துச்சு. அந்த இறந்த குதிரைகள்ல மூணுல ஒண்ணு இதயம் நின்னு போச்சு, கால்வாசி எழும்போது எலும்பு முறிஞ்சு போச்சு, கொஞ்சம் தசை நோவுல போச்சு. 2021-ல வந்த அடுத்த சுற்றின் முதற்கட்ட முடிவுல மொத்தம் 1.0, கோலிக் அல்லாதது 0.6-ன்னு குறைஞ்சிருக்கு.

நம்ம இழைக்கு வேண்டிய செய்தி ஒண்ணு அந்த 2002 ஆய்வுல இருக்கு. வாயு இல்லாம முழுக்க ஊசியிலயே நடந்த மயக்கங்கள்ல ஆபத்து குறைவு. முன்மருந்தா ஏஸ்ப்ரோமசின்ங்கிற அமைதி மருந்து போட்டதுலயும் குறைவு.

வேப்பேரி_பழையவர் எழுதியது:

> முழுக்க ஊசியிலயே நடந்த மயக்கங்கள்ல ஆபத்து குறைவு

அம்மா, ஊசியில் மட்டும் முடிப்பது எந்தக் குதிரையை? அரை மணியில் முடிகிற வேலைக்கு வந்த, நல்ல ஆரோக்கியமான இளங்குதிரையை. இரண்டு மணி நேரம் எலும்பு அறுவைக்கு வந்ததை வாயுவில் போடுகிறோம். பிறகு வாயுவில் அதிகம் சாகிறது என்றால் குற்றம் வாயுவினுடையதா, நேரத்தினுடையதா?

மலைச்சாரல் எழுதியது:

சரியான கேள்வி சார். நேரம், வயசு, உடல்நிலை எல்லாத்தையும் கணக்குல எடுத்துச் சரிக்கட்டித்தான் எழுதியிருக்காங்க, ஆனா எவ்வளவு சரிக்கட்டினாலும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். நான் அதை "ஊசி பாதுகாப்பு"ன்னு படிக்கல. "ஊசியில முடிக்கக் கூடிய நேரத்துக்குள்ள வேலையை முடி"ன்னு படிக்கிறேன். சுமார் ஒரு மணி தாண்டினா ஊசியும் தேங்க ஆரம்பிக்கும்.

தையோபென்டோனுக்கு வர்றேன். நான் தாண்டிப் போனது மரியாதைக் குறைவா இல்லை, இந்தப் பையன் நிலைமைக்குப் பொருந்தலைங்கிறதால. உங்க காலத்துல அதை வெறுமனே போட்டீங்களா, தசையைத் தளர்த்துற குவாய்பெனெசினோட போட்டீங்களா? நல்லா போகணும்னா குவாய்பெனெசின் 5 சதவீதக் கரைசல், கிலோவுக்கு 50 முதல் 100 மி.கி. இந்தக் குதிரைக்கு 340 முதல் 680 மில்லி. தடிச்ச கேத்தட்டர் வழியா, பையை அமுக்கி ஓட்டணும். குதிரை நின்னுக்கிட்டே முழங்கால் மடங்க ஆரம்பிக்கும்போது தையோபென்டோன் கிலோவுக்கு அஞ்சு மி.கி. சொச்சம், ஒரே தள்ளு. ஆஸ்பத்திரியில தலைமாட்டுல ஒருத்தர், பையில ஒருத்தர், ஊசியில ஒருத்தர்னு நின்னா அருமையா இருக்கும். தோட்டத்துல இவரும் சொந்தக்காரரும் ஒரு பையனும். குவாய்பெனெசின் நம்ம ஊர்ல இருமல் மருந்துல இருக்கே தவிர, குதிரைக்கு ஓட்டுற கரைசலா எந்தக் கடையில கேப்பார்?

அது இல்லாம சைலசின், தையோபென்டோன்னு மட்டும் போனா, விழுறது பலமா விழும், மூச்சு கொஞ்ச நேரம் நிக்கும், வலி மரக்காது. காரத்தன்மை அதிகம், சிரைக்கு வெளியே போனா குளோரல் ஹைட்ரேட் மாதிரியே தோல் அழுகும். உடனே அந்த இடத்துல நிறைய சலைனும் லிக்னோகெய்னும் (மரப்பு ஊசி மருந்து) விட்டு நீர்த்துப் போக வைக்கணும். எல்லாத்தையும் விட, வேலை நீண்டு ரெண்டாவது தடவை, மூணாவது தடவைன்னு போட்டா தேங்கிடும். முதல் ஊசி தெளியறது மருந்து உடைஞ்சு போறதால இல்ல, மூளையில இருந்து தசைக்கும் கொழுப்புக்கும் ஓடிப் போறதால. அங்க நிரம்பிட்டா அடுத்து போக இடம் இல்லை. எலும்பு தெரியற குதிரைக்கு இன்னும் மோசம். கடைசியில எழும்போது குடிகாரன் மாதிரி தள்ளாடும்.

கெட்டமைன்ல தலை தூக்கும்னு சொன்னீங்களே, அது உண்மைதான். எங்க ஆஸ்பத்திரியிலயும் மயக்கத்துல கிடக்குற குதிரை திடீர்னு அசைஞ்சா போடுறதுக்குத் தையோபென்டோன் சிறு அளவு தயாரா இழுத்து வெச்சிருப்போம். கெட்டமைன் ஒரு சுற்று ரத்த ஓட்டம் முடிஞ்சு வேலை செய்யறதுக்குள்ள அது பிடிச்சிடும்.

வேப்பேரி_பழையவர் எழுதியது:

அப்படியென்றால் தையோபென்டோன் குப்பி பெட்டியில் இருக்கத்தான் வேண்டும் என்கிறீர்கள். நான் சொன்னதும் அதுதான்.

குவாய்பெனெசின் பற்றிச் சொன்னது சரி. எங்கள் காலத்தில் தூள் வாங்கி நாங்களே கரைப்போம், குளிர்ந்தால் படிந்துவிடும், வெந்நீரில் வைத்து ஆட்டுவோம். இன்று ஒரு பையன் அதைத் தோட்டத்தில் செய்வதை நானும் விரும்பமாட்டேன். ஆனால் தையோபென்டோனில் விழுவது பலம் என்பதை ஏற்கமாட்டேன். தலைக்கயிறு பிடிப்பவனுக்குத் தெரிந்தால் எந்தக் குதிரையையும் உட்கார வைத்துச் சாய்க்கலாம். இப்போது அந்தக் கைகள் குறைந்துவிட்டன, மருந்தைக் குறை சொல்கிறோம்.

கழுதைப்பாதை எழுதியது:

குறுக்கே வரேன், மன்னிக்கணும். செங்கல் சூளைக் கழுதைகள்தான் எனக்கு. குதிரைக் கணக்கை அப்படியே கழுதைக்குப் போடுற பழக்கம் நம்மகிட்ட இருக்கு, அதனால சொல்றேன். கழுதை உடம்பு கெட்டமைனைக் குதிரையை விட வேகமா வெளியேத்திடும். குதிரையில 15 நிமிஷம்னா இங்க பாதியிலயே தலை தூக்கும். ரெண்டாவது ஊசி இழுத்து வெச்சுட்டுத்தான் முதல் ஊசியே போடணும். கோவேறு கழுதைக்குச் சைலசின் அரைப்பங்கு கூடுதலா வேணும். குவாய்பெனெசின் கழுதையின் மூச்சை அதிகமா அமுக்கும், கிடைச்சாலும் குறைச்சுத்தான் ஓட்டணும். டைலெட்டமின்-ஜொலாஜெபாம்ங்கிற மயக்க மருந்துக் கலவை கிடைக்கிற இடத்துல கொஞ்சம் நீண்ட நேரம் தரும்.

ஊசிக்குழல் எழுதியது:

அந்தக் கலவையை யாரும் சொல்லலையேன்னு பார்த்தேன். சிறுத்தை, கரடி எல்லாம் அதுலதானே படுக்குது. குதிரைக்கு?

மலைச்சாரல் எழுதியது:

படுக்கும். சைலசினுக்குப் பிறகு 1.1 முதல் 1.65 மி.கி./கிலோ. கெட்டமைனை விட நீண்டு, அரை மணி வரைக்கும் போகும். ஆனா எழும்போது கெட்டமைன் அளவுக்கு ஒழுங்கு இல்லை, கூடுதல் முயற்சி, கூடுதல் தள்ளாட்டம். மறுபடி என் முதல் கேள்விக்கே வந்துட்டோம். காயடிப்புக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை.

வனவிலங்குன்னு பேச்சு வந்ததால ஒண்ணு. எங்க ஆஸ்பத்திரியில ஓய்வு பெற்ற ஒருத்தர் இம்மொபிலான் கதை சொல்லுவாரு. எட்டார்ஃபின்ங்கிற கடுமையான அபின் வகை மருந்தும் ஏஸ்ப்ரோமசினும் கலந்தது. 1960-கள் கடைசியில இருந்து இங்க குதிரைக்கு ரொம்ப நாள் போட்டாங்க. சில மில்லியிலயே குதிரை கீழே. மாற்று மருந்து போட்டா உடனே எழும். ஆனா மனுஷன் தோல்ல ஒரு கீறல்ல பட்டாலே உயிர் போகும், போயும் இருக்கு. மனுஷனுக்கான மாற்று மருந்தை முதல்ல ஊசியில இழுத்து வெச்சு, கூட நிக்கிறவருக்கு எப்படிப் போடணும்னு சொல்லிக் குடுத்துட்டுத்தான் குதிரைப் பாட்டிலைத் திறப்பாங்களாம். குதிரையும், எழுந்து போன பிறகு சில மணி நேரம் கழிச்சு, குடல் வழியா மருந்து திரும்ப ஏறி, லாயத்தையே சுத்திச் சுத்தி நடக்கும். இப்போ அது காண்டாமிருகம், யானை பக்கம் போயிடுச்சு. நல்லதுக்குத்தான்.

லாயத்துக்காரர் எழுதியது:

நின்ன நிலையில செய்யறது பத்திக் கேட்டேனுங்க, யாரும் சொல்லல.

வேப்பேரி_பழையவர் எழுதியது:

செய்யலாம் ஐயா. டெடோமிடின் என்ற அமைதி மருந்தும் பியூட்டார்ஃபனால் என்ற வலி மருந்தும் சிரையில் போட்டு, விதையிலும் விதைக்கொடியிலும் மரப்பு ஊசி போட்டு, நின்றபடியே முடிப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். அம்மா சொன்ன 2021 கணக்கிலேயே நின்ற நிலை மயக்கத்தில் இறப்பு 0.2 சதவீதம்தான் என்று படித்த நினைவு. குதிரைக்கு ஆபத்து குறைவு. டாக்டருக்கு ஆபத்து கூடுதல். தலை தொங்கி நிற்கிற குதிரைக்கும் பின்னங்கால் குறி தப்பாது. கிட்டப் போனாலே கடிக்கிற, உயரம் குறைந்த கத்தியவாரியின் அடியில் குனிந்து உட்காரு என்று பழக்கமில்லாத பையனிடம் நான் சொல்லமாட்டேன்.

புதுக்குளம்பு எழுதியது:

எல்லாருக்கும் நன்றிங்க. சைலசின், டையசெபாம், கெட்டமைன்னு முடிவு பண்ணிட்டேன். லைசென்ஸ், பதிவேடு எல்லாம் இருக்கு. மேடம், ஒரே ஒரு பயம்தான்: பெரியவர் சொன்ன மாதிரி கண்ணு திறந்தே இருக்குமே, ஆழம் எப்படித் தெரிஞ்சுக்கறது? கூட மருந்து எப்பப் போடறது? 15 நிமிஷம் தாண்டிட்டா?

மலைச்சாரல் எழுதியது:

கண்ணை நம்பலாம், ஆனா வாயு மயக்கத்துல பார்க்குற மாதிரி பார்க்கக் கூடாது. கெட்டமைன்ல இமையைத் தொட்டா மூடத்தான் செய்யும், கண்ணீரும் வரும். அது விழிப்பு இல்லை. கவனிக்க வேண்டியது கண்மணி வேகமா இடவலமா ஆட ஆரம்பிக்குதா, தானா இமைக்குதா, காதைத் தொட்டா சிலிர்க்குதா, மூச்சு திடீர்னு ஒழுங்கு மாறுதா. இழுத்துப் பிடிச்சு, நிறுத்தி, விடுற மாதிரி மூச்சு கெட்டமைன்ல சகஜம், பயப்படாதீங்க. கழுத்துத் தசை விறைக்கிறது கடைசி மணி.

கூடுதல் மருந்து: முதல்ல போட்ட சைலசின்லயும் கெட்டமைன்லயும் மூணுல ஒரு பங்கு முதல் பாதி வரை, ரெண்டையும் சேர்த்து. கெட்டமைன் மட்டும் தனியா போடாதீங்க. படுத்த உடனேயே அந்த ஊசிகளை இழுத்து, பேர் எழுதி, மூடி வெச்சுடுங்க. கேத்தட்டர் முதல்லயே, கழுத்தின் மேல் மூணுல ஒரு பங்குல. அங்க ஜுகுலர் சிரைக்கும் கரோட்டிட் தமனிக்கும் நடுவுல ஒரு தசைப்பட்டை இருக்கு. கீழே போகப் போக ரெண்டும் ஒட்டிக்கிட்டு ஓடும். சைலசின் தமனிக்குள்ள போனா அந்த இடத்துலயே வலிப்பு வந்து விழும்.

இந்த நேரக் கவலையைப் பாதியா குறைக்கிறது மயக்க மருந்தே இல்ல, லிக்னோகெய்ன். 2 சதவீதம், ஒவ்வொரு விதைக்குள்ளயும் 15 மில்லி, படுத்த உடனே. கழுவித் துடைச்சு முடிக்கிறதுக்குள்ள கொடி வரைக்கும் மரத்திருக்கும். இழுக்கும்போது விதைத்தசை சுருங்காது, கூடுதல் ஊசி தேவைப்படுறதே குறையும். வலியைத் தனியா மரக்க வெச்சா மயக்கத்தை அளவோட நிறுத்தலாம்.

வேப்பேரி_பழையவர் எழுதியது:

படுத்த பிறகு செய்ய வேண்டியதை நான் சொல்கிறேன், இதற்குப் புத்தகத்தில் இரண்டு வரிதான் இருக்கும். தலைக்கயிற்றை உடனே கழற்று. அதன் வளையம் கன்னத்தில் அழுந்தினால் முகநரம்பு செத்து உதடு கோணும். கீழ்ப்பக்க முன்னங்காலை முன்னால் இழுத்து விடு, இல்லாவிட்டால் ரேடியல் நரம்பு அழுந்தி, எழுந்த பிறகு அந்தக் கால் ஊன்றாது. கண்ணில் களிம்பு, மேலே ஈரத்துண்டு, காதில் பஞ்சு. வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தை வேலிக்கு அந்தப் பக்கம் அனுப்பு. முடிந்ததும் துண்டை எடுக்காதே. ஒருவன் கழுத்தின் மேல் முழங்கால் வைத்துக் கண்மணி ஆட்டம் அடங்கும் வரை படுக்கையிலேயே வைத்திருக்கட்டும். தட்டி எழுப்பாதே, கயிறு கட்டி இழுக்காதே. தானாக மார்பு மேல் திரும்பி உட்காரும், கொஞ்சம் யோசிக்கும், எழும்.

சைலசினுக்கு மாற்று மருந்து போட்டுச் சீக்கிரம் எழுப்பலாமா என்று அடுத்துக் கேட்பாய். கெட்டமைன் உள்ளே இருக்கும்போது சைலசினை மட்டும் வெளியேற்றினால் மிஞ்சுவது என்ன என்று மேலே அம்மா எழுதியிருக்கிறார், போய்ப் படி.

புதுக்குளம்பு எழுதியது:

அதைத்தான் கேட்க இருந்தேனுங்க சார். 😅

சனிக்கிழமை காலையில வெயில் ஏறறதுக்கு முந்தி வெச்சிருக்கேன். முந்தின ராத்திரி தீனி நிறுத்தச் சொல்லியாச்சு, தண்ணி இருக்கலாம்னு சொல்லியிருக்கேன். போன வாரம் கால்ல ஒரு புண்ணுக்குச் சிரையில சல்ஃபா-ட்ரைமெத்தோப்ரிம் ஊசி போயிட்டிருந்தது, அதைத் தொடரலாங்களா?

மலைச்சாரல் எழுதியது:

நல்லவேளை கேட்டீங்க. அந்த ஊசி சிரையில போறப்போ டெடோமிடின் சேர்ந்தா இதயத் துடிப்பு குலைஞ்சு குதிரை இறந்திருக்கு. சைலசினும் அதே குடும்பம். நான்னா பென்சிலினுக்கு மாத்திட்டு, இந்த ஊசியை அன்னைக்குக் கிட்டயே கொண்டு வரமாட்டேன்.

டெட்டனஸ் தடுப்பூசி போட்டிருக்கான்னு சொந்தக்காரரைக் கேட்டீங்களா? சந்தையில வாங்கின குதிரைன்னா போடலைன்னே வெச்சுக்கோங்க. கால்ல வேற புண்ணு இருந்திருக்கு. அவசரம் இல்லைன்னா சனிக்கிழமையைத் தள்ளி வைங்க. தடுப்பூசி முதல் சுற்று ரெண்டும் முடியட்டும், அதுக்கப்புறம் படுக்க வைக்கலாம்.

புதுக்குளம்பு எழுதியது:

கேட்டுட்டேன் மேடம். போடலையாம். சனிக்கிழமை தடுப்பூசிக்கு மட்டும் போறேன். அதுவரைக்கும் பெண்குதிரையை வேற தோட்டத்துக்கு மாத்திக் கட்டச் சொல்லியிருக்கேன்.